லான்ட்மாஸ்ரர் பெட்டியில் கட்டிய படுக்கைக் கூண்டு: விடியப்புறம் கூரை சொட்டுகிறது

முல்லைத்தீவு முத்தையன்கட்டுப் பக்கம் வயல் காவலுக்கு, லான்ட்மாஸ்ரர் (இருசில்லு உழவு இயந்திரம்) இழுக்கும் பெட்டிமேல் நாங்களே கட்டிய கூண்டு. நீளம் 6 அடி, அகலம் 4, உயரம் மூன்றரை. ஒரு அங்குலச் சதுரக் குழாயில் சட்டம், சுற்றிவர ஒற்றைத் தகரம். இரண்டு பேர் படுக்கிறோம்.

மூன்று கிழமையாக ஒரே பிரச்சினை. இரவு 2 மணி தாண்டினால் கூரையின் உட்பக்கம் முத்து முத்தாக வியர்த்து, ஆணி நுனிகளில் திரண்டு போர்வையில் விழுகிறது. ஒழுக்கு இல்லை, பகலில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாயிற்று. வானம் வெளித்த இரவில்தான் மோசம், முகில் மூடினால் குறைவு. தகரம் வானத்துக்குச் சூட்டை விட்டுக் குளிர, எங்கள் மூச்சு ஈரம் அதில் படிகிறது.

இரு பக்கமும் 3 அங்குலம் திறந்து நுளம்பு வலை அடித்தோம். குறைந்தது, நிற்கவில்லை. அரை அங்குல ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) உள்ளே ஒட்டினோம். விளிம்பால் ஈரம் புகுந்து பசை விட்டு, நாலாம் நாள் தொங்கிவிட்டது. படங்கைத் தகரத்தோடு ஒட்ட விரித்ததில் பலனே இல்லை. தும்பு மெத்தையின் அடி நனைந்தது மட்டும் சரியாயிற்று, கீழே ஒரு அங்குலச் சட்டம் வைத்தபின் காய்ந்தே இருக்கிறது.

கரிச்சட்டி வைக்கச் சொல்லாதீர்கள். மூடிய கூண்டில் அந்த நச்சுவாயு ஆளைக் கொல்லும்.

அறுவடை முடிய இன்னும் ஒரு மாதம். தகரத்துக்கு மேலே 4 அங்குலம் இடைவெளி விட்டுக் கிடுகு வேய்ந்தால் இந்தச் சொட்டு நிற்குமா?