முதல் வாரத்தைத் தாண்டிக் குதித்த நாவல்

அனைவருக்கும் வணக்கம். தாம் பரிசாகக் கொடுத்த நூலே தம்மைத் தலைகுனிய வைத்ததாக இங்கே முன்னர் ஒரு சகோதரி எழுதியிருந்தார். எனக்கும் அதே நிலை நேர்ந்தது.

கடந்த ஆண்டு என் அக்காள் மகளுக்குப் பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. பல்கலைக்கழக நுழைவுக்கான எஸ்.டி.பி.எம். தேர்வுக்காக ஒன்றரை ஆண்டு கண்விழித்துப் படித்த பிள்ளை. கோலாலம்பூர் மிட் வேலியில் ஒரு புத்தகக் கடையில், கல்லூரியில் முதன்முதலாகக் காலடி வைக்கும் பெண்ணின் கதை என்று பின்னட்டை சொன்னதை நம்பி, ஓர் ஆங்கில இளையோர் நாவலை வாங்கிக் கொடுத்தேன். மூன்று நாள்களில் அவள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "சித்தி, இந்தப் பொண்ணுக்குக் காசு எங்கேருந்து வருது?" என்று கேட்டாள். பதில் சொல்வதற்காகவே நானும் படித்தேன். பதில் அந்நூலில் இல்லை.

கதை அமெரிக்காவில் நடக்கிறது. சிற்றூரிலிருந்து வரும் நாயகி விடுதி அறைக்குள் நுழைகிறாள், பெட்டியைப் பிரித்து அடுக்குகிறாள், அந்த ஒரு வரியோடு அவளுடைய முதல் இரவு முடிந்துவிடுகிறது. அடுத்த அத்தியாயத்தில் ஒரு விருந்து, விருந்தில் இரண்டு இளைஞர்கள். அதன்பின் கடைசிப் பக்கம் வரை அவ்விருவரில் யார் என்பதே கதை. அறைத்தோழி யோசனை சொல்வதற்காக மட்டுமே வாய் திறக்கிறாள். நாயகி என்ன படிக்கிறாள் என்பதைக்கூட நான் பக்கங்களைப் புரட்டித் தேட வேண்டியிருந்தது.

வேற்று நாட்டுக் கதை என்பதால் எனக்கு ஒட்டவில்லை என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்கப் பிள்ளைகளும் ஃபாஃப்சா எனப்படும் கல்வி நிதியுதவி விண்ணப்பத்தில் குடும்ப வருமானத்தைக் காட்டித்தான் பெல் உதவித்தொகையும் கூட்டரசுக் கடனும் பெறுகிறார்கள். 1964இல் சட்டமான திட்டம் ஒன்றின் கீழ், நூலகத்திலும் உணவுக்கூடத்திலும் பகுதி நேரம் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களும் அங்கே உண்டு. அந்த நாவல் தன் சொந்த மண்ணின் பிள்ளைகளையே ஏறெடுத்துப் பார்க்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

2001ஆம் ஆண்டு, சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து அப்பாவும் நானும் இரவுப் பேருந்தில் கிளம்பி விடியற்காலையில் கோலாலம்பூரின் புடுராயா பேருந்து நிலையத்தில் வந்திறங்கினோம். ராஃபியாக் கயிற்றால் கட்டிய அட்டைப்பெட்டியில் ஒரு வாளி, ஒரு தலையணை, ஹார்லிக்ஸ் போத்தலில் அம்மா போட்டுக் கொடுத்த எலுமிச்சை ஊறுகாய். மலாயாப் பல்கலைக்கழக விடுதி வாசலில் அப்பா சட்டைப்பையிலிருந்து பத்து வெள்ளி (ரிங்கிட்) தாள்களாக 150 வெள்ளியை எடுத்து, இரண்டு முறை எண்ணி, என் கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். கல்விக் கடன் கைக்கு வரும்வரை பேருந்துக்கும் ஒளிநகலுக்கும் சவர்க்காரத்துக்கும் அந்தப் பணம்தான்.

என் அறைத்தோழி கிளந்தான் மாநிலத்துக்காரி. அவள் பேசிய மலாய், பள்ளியில் நான் படித்த மலாயாக இல்லை. பாதிக்கு மேல் விளங்கவில்லை. முதல் இரவு இருவருக்கும் தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்திருந்தபோது, அவள் ஒரு டப்பாவைத் திறந்து செருண்டிங் எனப்படும் உலர்ந்த இறைச்சித் துருவலை நீட்டி, நான் கேட்பதற்கு முன்பே, இது கோழிதான், மாடு இல்லை என்று மெதுவாகச் சொன்னாள். நான் ஊறுகாய்ப் போத்தலை அவள் பக்கம் தள்ளினேன். மறுநாளிலிருந்து விரிவுரை மலாயில், நூலகப் புத்தகங்கள் ஆங்கிலத்தில், மனத்துக்குள் புரிந்துகொண்டதோ தமிழில் என்று முதல் பருவம் முழுவதும் திணறினேன். காதலும் கல்லூரியில் வரத்தான் செய்யும், அதை எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கல்லூரியின் தொடக்கத்தை எழுத வந்தவர் இந்த முதல் வாரத்தைத் தாண்டிக் குதித்துவிட்டால், அந்தப் பெண்ணை நாம் எப்படி அறிந்துகொள்வது?

அக்காள் மகள் இப்போது அந்தப் பினாங்குப் பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகத்தில் இருக்கிறாள். ஒரு காலத்தில் பிரிட்டிஷ் படை முகாமாக இருந்த வளாகம் அது. சேர்ந்த மூன்றாம் நாள் இரவு அழைத்தவள், விரிவுரை மண்டபத்தைத் தேடி மேட்டிலும் பள்ளத்திலும் அலைந்ததையும், சபா மாநிலத்திலிருந்து வந்த அறைத்தோழி அம்மாவிடம் பேசி முடித்ததும் போர்வைக்குள் அழுததையும், தான் தூங்குவதுபோல் படுத்துக்கொண்டு, எழுந்து பேசுவதா வேண்டாமா என்று தவித்ததையும் நிறுத்தாமல் சொன்னாள். முந்நூறு பக்க நாவலில் கிடைக்காத ஒன்று அந்த அரைமணி நேரத்தில் எனக்குக் கிடைத்தது.

பருவ விடுமுறைக்கு அவள் வீட்டுக்கு வரும்போது நல்ல நூல் ஒன்றைக் கையில் கொடுக்க விரும்புகிறேன். பல்கலைக்கழகத்தின் முதல் ஆண்டைப் பொறுமையாகச் சொல்லும் நாவலோ சிறுகதைத் தொகுப்போ, குறிப்பாக நம் நாட்டுத் தமிழில், யாரேனும் படித்திருந்தால் அன்புகூர்ந்து தெரிவியுங்கள். இம்முறை நான் முழுவதும் படித்த பிறகே கொடுப்பேன்.