ஊரில் காலநிலைக்கு ஒரு குழு தொடங்கியிருக்கிறோம், முதலில் எதில் கை வைப்பது?

கோண்டாவில் பொடியன்:
எல்லோருக்கும் வணக்கம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் நாங்கள் 11 பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் யாழ்ப்பாணம் கோண்டாவிலில் உள்ள சனசமூக நிலையத்தில் கூடுகிறோம். 2020 புரெவிப் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறி புத்தகமெல்லாம் நனைந்த நாளிலிருந்து இது எனக்குள் கிடக்கிற விஷயம். பசிபிக் தீவுகளில் சட்டம் படித்த 27 மாணவர்கள் 2019இல் தொடங்கிய முயற்சி, 2025 யூலையில் சர்வதேச நீதிமன்றம் வரை போய், காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று கருத்துரை வாங்கியிருக்கிறது. அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஆனால் எங்களில் பாதிப்பேர் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வரை ஊர்வலம் போவோம் என்கிறார்கள், மற்றப் பாதி சனசமூக நிலையக் கூரையில் சோலர் போடுவோம் என்கிறது. பெரியவர்களோ, "இந்த நாடு விடுகிற புகை உலகக் கணக்கில் ஒரு துளி, நீங்கள் படிக்கிற அலுவலைப் பாருங்கோ" என்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

மல்லாகம் அக்கா:
தம்பி, அவர்களிடம் சுன்னாகத்தைச் சொல்லுங்கள். உலகப் புகையை விடுங்கள், அங்கே மின் நிலையத்தில் எண்ணெயில் கரண்ட் எடுத்ததால் எண்ணெய் கலந்து கெட்டது நம் கிணறுகள்தான். 2015 தொடக்கத்தில் சனம் போத்தலில் தண்ணீரைக் கொண்டுவந்து தெருவில் வைத்துப் போராடியபோது நானும் மாணவியாகப் போய் இருந்தேன். 2019இல் உச்ச நீதிமன்றம் அந்த மின் நிலையத்தை நடத்திய கம்பனியை 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. கோஷம் மட்டும் போட்டு அது கிடைக்கவில்லை, தண்ணீரைப் பரிசோதித்த அறிக்கைகள் கையில் இருந்தன. ஊர்வலம் போங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் கையில் ஒரு கொப்பியோடு போங்கள்: எந்தக் கிணறு, எந்த மாதம், தண்ணீர் எப்படி.

தோட்டக்காரன்:
நான் கோப்பாய்ப் பக்கம், வெங்காயமும் புகையிலையும். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340க்கு ஏறியது. அதற்கு முதலே கானைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று வெறுங்கையோடு வந்த நாட்கள் உண்டு, பயிர் கண்முன்னே வாடியது. அதனால் சோலர் மோட்டர் என்றால் எனக்கு முழு விருப்பம், இறைப்பும் பகலில், வெயிலும் பகலில், பற்றரிகூடத் தேவையில்லை. ஆனால் பிள்ளைகள், ஒன்றைக் கவனியுங்கள். எண்ணெய்க்குக் காசு கொடுக்கிறவரை கை தானாக இழுத்துப் பிடிக்கும், வெயில் சும்மா வருகிறது என்றால் வாய்க்கால் நிறைந்த பிறகும் மோட்டரை நிற்பாட்ட மனம் வராது. நமக்கு வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. மழைத் தண்ணீர்தான் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கிறது, மேலே அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருந்து உவர் ஏறும், ஏறினால் லேசில் இறங்காது. சோலர் மோட்டர் கேட்கிறவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை மணி இறைப்பது என்பதையும் கூடவே பேசி முடிக்க வேண்டும். இதை எங்களுக்குச் சொல்ல உங்களைப்போல ஆட்கள் வேண்டும்.

மன்னார் தீவு:
காற்றாலை பற்றிப் பேசும்போது எங்களையும் நினையுங்கள். எங்கள் தீவில் தம்பபவனி என்ற காற்றாலைப் பண்ணை 2020 டிசம்பரில் திறந்தது, 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட். 2025இல் இன்னும் போட வந்தபோது சனம் தெருவில் இறங்கியதைப் பார்த்துவிட்டு, இவர்கள் சுத்தமான மின்சாரத்துக்கு எதிரி என்று எழுதினார்கள். அப்படி இல்லை. மழைத் தண்ணீர் வடிகிற வழி, மீன்பிடி, பறவைகள் வந்து இறங்குகிற இடம், இதையெல்லாம் எங்களிடம் கேட்காமல் எப்படி முடிவெடுப்பது என்பதுதான் கேள்வி. உங்கள் குழு முதலில் வீடு வீடாகப் போய்க் கேட்கட்டும்.

கூரை வேலை:
சோலர் பூட்டுகிற தொழில் எனக்கு. சனசமூக நிலையம் இரவில்தான் திறந்திருக்கும், பகலில் எடுக்கிற கரண்ட் அங்கே தேவைப்படாது. 2025 சித்திரை விடுமுறையில் கூரை சோலர்காரரை ஏப்ரல் 13 முதல் 21ஆம் திகதி வரை பகலில் நிற்பாட்டச் சொல்லி மின்சார சபை கேட்டது நினைவிருக்கும், ஆலைகளும் அலுவலகங்களும் பூட்டு, வெயில் உச்சம், வலையமைப்பு தாங்காது என்ற பயம். பகலில் ஆள் இருக்கிற முன்பள்ளி, தையல் நிலையம் ஏதாவது பாருங்கள். சனசமூக நிலையத்துக்கே போடுவதென்றால் பற்றரியோடு சிறிதாகப் போடுங்கள், புயல் நாளில் போன் சார்ஜ் பண்ணவாவது உதவும். பில்லைப் படம் எடுத்து இங்கே போட்டால் கணக்குப் பார்த்துத் தருகிறேன், காசு வேண்டாம்.

கோண்டாவில் பொடியன்:
எல்லோருக்கும் நன்றி. மல்லாகம் அக்கா சொன்ன கொப்பியை இன்றைக்கே வாங்கிவிட்டேன். இந்த ஞாயிறு 20 கிணறுகளோடு தொடங்குகிறோம், தோட்டக்கார அண்ணை, உங்கள் கிணற்றையும் சேர்க்கலாமா? உப்பு பார்க்கிற மீற்றர் வைத்திருக்கிற யாராவது ரெண்டு கிழமைக்கு இரவல் தர முடியுமென்றால் தனியாக எழுதுங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொண்டு போகிறோம்.