யோவான் 8: கல்லெறியப்பட இருந்த பெண்ணின் பகுதியை எப்படிப் போதிப்பது?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் சபையின் வேதபாட வகுப்பில் அடுத்த வாரம் யோவான் 8ஆம் அதிகாரத்தை நான் நடத்த வேண்டும். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசு தண்டிக்காமல் அனுப்பிவிடும் 7:53 முதல் 8:11 வரையான பகுதிக்குப் பழைய மொழிபெயர்ப்பில் எந்தக் குறிப்பும் இல்லை; ஆனால் அது என்னிடமுள்ள புதிய பதிப்பில் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. மிகப் பழைய பிரதிகளில் இது இல்லை என்று அடிக்குறிப்பு சொல்கிறது. “உங்களில் பாவமில்லாதவன்” என்று தொடங்கும் வசனத்தைச் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்தவர்களிடம் இதை எப்படிச் சொல்வது?

பதில் 1:
அடிக்குறிப்பு சரியானதே. யோவானின் மிகப் பழைய கிரேக்கக் கைப்பிரதிகளான, 66, 75 என்று எண்ணிடப்பட்ட பாப்பிரஸ் (நாணல் தாள்) ஏடுகளிலும், 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் சுவடிகளிலும் 7:52ஐ அடுத்து 8:12 வந்துவிடுகிறது. 5ஆம் நூற்றாண்டின் பேசா சுவடியில் இப்பகுதி உண்டு. சில சுவடிகள் இதை யோவானின் இறுதியில் வைக்கின்றன. வேறு சில லூக்கா 21:38க்குப் பின் வைக்கின்றன. இப்படி இடம் மாறி மாறி நிற்பதே, தனியாக வழங்கிவந்த ஒரு நிகழ்ச்சி பிற்பாடு சுவிசேஷத்துக்குள் வந்து சேர்ந்தது என்று அறிஞர் பெரும்பாலோர் கருதுவதற்கு முக்கியமான காரணம்.

பதில் 2:
கத்தோலிக்கன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இதை யோவான் எழுதினாரா என்பது ஒரு கேள்வி, இது திருநூலா என்பது வேறொரு கேள்வி. பழங்காலத்தில் வேதாகமத்தை மொழிபெயர்த்த புனித எரோணிமுசின் இலத்தீன் பதிப்பில் இப்பகுதி இருக்கிறது. அப்பதிப்பில் உள்ளபடி நூல்களை அவற்றின் எல்லாப் பகுதிகளோடும் ஏற்க வேண்டும் என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்துப் பொதுச்சங்கம் 1546இல் முடிவு செய்தது. எங்கள் மூன்றாண்டு வாசகச் சுழற்சியின் மூன்றாம் ஆண்டில் தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறன்று எங்கள் ஆலயங்களில் வாசிக்கப்படும் நற்செய்தியும் இதுதான்.

பதில் 3:
இவ்வளவு எளிதாக விட்டுக்கொடுக்க வேண்டுமா? தங்கள் மனைவியர் இதைச் சாக்காகக் கொண்டு தவறு செய்வார்களோ என்று அஞ்சிய சிலர் இதை நீக்கிவிட்டார்கள் என ஆதிச் சபையின் பெரும் போதகரான அகஸ்டினே எழுதியிருக்கிறார். இன்று பன்னிரண்டு வசனங்களைக் கேள்விக்குள்ளாக்கினால் நாளை எங்கே நிறுத்துவது?

பதில் 1 எழுதியவர்:
ஐயா, அகஸ்டினின் விளக்கத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அச்சத்தால் நீக்கியிருந்தால் அந்தப் பெண் வரும் 8:3இலிருந்து நீக்கியிருப்பார்கள். அவரவர் வீட்டுக்குப் போனதையும், இயேசு ஒலிவமலைக்குப் போய் அதிகாலையில் தேவாலயத்துக்குத் திரும்பியதையும் சொல்லும் மூன்று வசனங்களை நீக்க என்ன அவசியம்? ஆதிச் சபையில் கிரேக்கம் பேசிய புகழ்பெற்ற பிரசங்கியாரான கிறிசோஸ்தமும் யோவானுக்கான தம் பிரசங்கங்களில் இப்பகுதியைத் தொடாமலே கடந்து செல்கிறார். எங்கே நிறுத்துவது என்ற உங்கள் கவலை நியாயமானதே. ஆனால் இந்த அளவுக்கு நீளமாக ஐயத்துக்குள்ளாகும் பகுதி புதிய ஏற்பாட்டில் இதைத் தவிர மாற்கு 16:9-20 மட்டுமே.

கேள்வி கேட்டவருக்கு: மறைக்க வேண்டாம், அடிக்குறிப்பை வகுப்பில் உரக்கவே வாசியுங்கள். முதலில் 7:52ஐயும் 8:12ஐயும் சேர்த்துப் படியுங்கள். கலிலேயாவிலிருந்து தீர்க்கதரிசி எழும்புவதில்லை என்று பரிசேயர் சொன்னவுடன், “நான் உலகத்திற்கு ஒளியாயிருக்கிறேன்” என்று இயேசு பேசுவது ஏசாயா 9:1-2ஐ நினைவூட்டும்; அங்கே வெளிச்சம் உதிப்பது கலிலேயாவில்தான். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணின் பகுதியைத் தனிப் பாடமாக, அவசரமில்லாமல் நடத்துங்கள்.