ஹரால்டு ஹார்ட்ராடாவை நீங்கள் எங்கே எதிர்கொண்டீர்கள்?

யார்க்கிலிருந்து:
நானே தொடங்கிவைக்கிறேன். ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் என்றதும் பலருக்குச் செல்சியின் கால்பந்து மைதானம் நினைவுக்கு வரும். இது வேறு, யார்க்குக்குக் கிழக்கே டெர்வென்ட் ஆற்றங்கரையில் உள்ள ஊர். சுமார் 300 கப்பல்களோடு இங்கிலாந்தைப் பிடிக்க வந்த நார்வே மன்னர் ஹரால்டு, 1066 செப்டம்பர் 25 அன்று ஆங்கிலேயப் படையோடு நடந்த போரில் இங்கேதான் வீழ்ந்தார். ஐந்து நாள் முன்புதான் யார்க்கை ஒட்டிய ஃபுல்ஃபோர்டில் வென்றிருந்தார். யார்க் பணிந்துவிட்டது, பிணைக்கைதிகளைப் பெற்றுக்கொண்டால் போதும் என்ற நினைப்பு. வெயில் சுட்டதால் இரும்புக் கவசங்களைக் கப்பல்களோடு ரிக்கால் என்ற ஊரில் விட்டுவிட்டு வந்தார்கள் என்கின்றன ஐஸ்லாந்தின் சாகா கதைகள். அங்கிருந்து இந்த ஊருக்குச் சுமார் 20 கிலோமீட்டர். ஒரு செப்டம்பரில் அதில் பாதித் தூரத்தை முதுகுப்பையோடு நடந்தேன். கவசத்தைக் கழற்றியவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை.

பாலத்தில் தனியாளாக நின்று ஆங்கிலேயரைத் தடுத்த நார்வே வீரனைப் பாலத்துக்கு அடியிலிருந்து ஈட்டியால் குத்தினார்களாம். இந்தச் செய்தி ஆங்கிலோ சாக்சன் ஆண்டுக்குறிப்பில் பிற்காலத்தில் வேறொரு கை சேர்த்தது. மிஞ்சியவர்கள் திரும்பிப்போக 24 கப்பல்கள் போதுமாக இருந்தன.

இஸ்தான்புல் போய்வந்தவர்:
ஹாகியா சோபியாவின் மேல்மாடத்தில் சலவைக்கல் தடுப்புச்சுவரில், வடநாட்டு வைக்கிங்குகள் பயன்படுத்திய ரூன் எழுத்துக் கீறல் இருக்கிறது. ‘ஹால்ஃப்டான்’ என்ற பெயரைத்தான் அதில் படிக்க முடிந்திருக்கிறது. பக்கத்தில் நின்ற வழிகாட்டி ஒருவர் அது ஹரால்டே செதுக்கியது என்று கூசாமல் சொன்னார்! அதே மாடத்தில் பைசாந்தியப் பேரரசி ஜோயியின் மொசைக் ஓவியம். ஹரால்டைச் சிறையில் தள்ளியவர் இவர்தான் என்கிறது சாகா.

பதினைந்து வயதில், 1030இல், ஸ்டிக்லெஸ்டாட் போரில் அண்ணன் ஓலாஃபைப் பறிகொடுத்து, காயத்தோடு கீவுக்கு ஓடி, அங்கிருந்து கான்ஸ்டாண்டினோபிளுக்கு, அதாவது இன்றைய இஸ்தான்புல்லுக்கு, வந்தவர் ஹரால்டு. வடநாட்டு வீரர்களைக் கொண்ட பேரரசரின் வராஞ்சியன் காவல்படையில் தலைவராக உயர்ந்தார், ஒரு பேரரசரின் கண்களையே பிடுங்கினார் என்று அவருடைய அவைப்புலவர்கள் பாடினார்கள். ஆனால் அதே நூற்றாண்டில் எழுதிய கெகாமெனோஸ் என்ற கிரேக்கர் வேறு மாதிரி குறித்து வைத்திருக்கிறார்: 500 பேரோடு வந்தான், சிசிலியிலும் பல்கேரியாவிலும் போரிட்டான், ஸ்பாதரோகாண்டிடாட்டோஸ் என்ற நடுத்தரப் பட்டம் பெற்றான், அதற்காக முணுமுணுக்கவில்லை, விடுப்பு மறுக்கப்பட்டதும் ரகசியமாகத் தப்பிப் போனான். பணிப்பதிவேட்டுக் குறிப்புப் போன்ற இந்த வரிகளில்தான் எனக்கு அந்த மனிதர் உயிரோடு தெரிகிறார்.

வெனிஸிலிருந்து:
வெனிஸின் பழைய கப்பல் கட்டும் தளமான ஆர்சனலின் வாசலில் உள்ள பிரயஸ் சிங்கச் சிலையின் மேலும் ரூன்கள் உண்டு. 1687இல் கிரேக்கத்திலிருந்து வெனிஸ் தளபதி மொரோசினி தூக்கிவந்த சிலை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓர் அறிஞர் அதில் ஹரால்டின் பெயரையே படித்துக் காட்டினார், பின்வந்தவர்கள் ஏற்கவில்லை. வெறுங்கண்ணுக்குக் கீறல்கூடச் சரியாகத் தெரியவில்லை. எதிர்பார்ப்போடு போகாதீர்கள்.

ஆஸ்லோவிலிருந்து:
ஆஸ்லோவை நிறுவியவராக மரபு ஹரால்டைத்தான் சொல்கிறது. நகர மன்றச் சுவரில் குதிரைமேல் அமர்ந்திருக்கிறார். சிசிலியில் ஹரால்டு குருவிகளின் மேல் நெருப்பைக் கட்டிப் பறக்கவிட்டு ஊரை எரித்த கதையை நண்பர்கள் யாரும் தொடவில்லையே? அதே தந்திரத்தைக் கீவ் அரசி ஓல்கா செய்ததாகவும் ரஷ்யப் பழங்குறிப்பு சொல்கிறது. ஹரால்டு செத்தவர்போல் பெட்டிக்குள் படுத்துக் கோட்டைக்குள் நுழைந்த கதை ஹாஸ்டெய்ன் என்ற இன்னொரு வைக்கிங் பெயரிலும் உலவுகிறது. கதைசொல்லிகளும் கொள்ளைக்காரர்கள்தான்.

யார்க்கிலிருந்து, மீண்டும்:
“ஏழடி நிலம் தருகிறேன், மற்றவர்களைவிட உயரமானவர் என்பதால் இன்னும் கொஞ்சம்” என்று, ஹரால்டின் கல்லறைக்கு இடம் தருவதுபோல ஆங்கிலேய மன்னர் சொன்னதாக வருவதும் அப்படித்தான். ஐஸ்லாந்தின் சாகா ஆசிரியர் ஸ்னோரி ஸ்டர்லூசன் அதை எழுதியபோது போர் முடிந்து 150 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. நான் நம்பவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வரும் விருந்தினரைப் பாலத்துக்கு அழைத்துப்போய் அதைத்தான் முதலில் சொல்கிறேன்.