மதிய நேரத்தில் மட்டும் அணைந்துபோகும் கணினி: ஓவர்க்ளாக் செய்தவர்கள் உதவுங்கள்

திருவான்மியூர்:
வணக்கம். கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். வீட்டில் ரைசன் 5 3600 பிராசசர், அதன் பெட்டியோடு வந்த ஹீட்சிங்க் (பிராசசரின் சூட்டை வாங்கும் உலோகத் தகடுகள்), ஃபேன். வேகம் போதவில்லை என்று பிப்ரவரியில் ஓவர்க்ளாக் செய்தேன், அதாவது வழக்கத்தைவிட வேகமாக ஓட்டினேன்: பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) பிராசசரின் ஆறு கோர்களையும் 4.2 கிகாஹெர்ட்ஸில் வைத்து 1.35 வோல்ட் கொடுத்தேன். மார்ச் முழுவதும் ஒரு குறையும் இல்லை. கத்திரி தொடங்கியதிலிருந்து, மதியம் மூன்று மணிவாக்கில் வீடியோவைக் கடைசியாகச் சேமிக்கும்போது பாதியில் திரை கறுத்து, கணினி தானே மறுபடி தொடங்குகிறது. அதே கோப்பு இரவு பதினொரு மணிக்குப் பிசகாமல் முடிகிறது. கடையில் கேட்டால் தண்ணீர்க் குளிர்விப்பான் போடச் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டு வீடியோக்களை ஒப்படைக்க வேண்டும். என்ன செய்யலாம்?

பெரம்பூர்:
நான் தண்ணீர்க் குளிர்விப்பான்தான் வைத்திருக்கிறேன். கணினிச் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் நான்கைந்து கடை ஏறி இறங்கினால் நல்ல விலைக்குக் கிடைக்கும். வாங்கிவிடுங்கள்.

நங்கநல்லூர்:
தம்பி, கொஞ்சம் பொறுங்கள். தண்ணீரோ காற்றோ, எந்தக் குளிர்விப்பானும் சூட்டைக் கொண்டுபோய்க் கொட்டுவது உங்கள் அறைக் காற்றில்தான். அந்தக் காற்றைவிடக் குளிர்ச்சியாகப் பிராசசரை அதனால் ஆக்க முடியாது. இரவில் அறை 29 டிகிரியாக இருக்கும்போது பிராசசர் 85 காட்டினால், மதியம் அறை 38 ஆகும்போது அதே வேலைக்கு ஏறக்குறைய 94 காட்டும். உங்கள் பிராசசருக்கு எல்லை 95. வெளிநாட்டுச் சோதனைகளில் வரும் எண்கள் பெரும்பாலும் இருபது டிகிரி சொச்ச அறையில் எடுத்தவை. நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவான ஊர் நம்முடையது. இங்கே அந்த எண்களை நம்பி வோல்ட்டை ஏற்றக் கூடாது.

வோல்ட்டில்தான் விஷயமே இருக்கிறது. சூடு, வேகத்தின் விகிதத்தில் ஏறும். வோல்ட்டுக்கோ அதன் வர்க்க விகிதத்தில் ஏறும். 4.0 கிகாஹெர்ட்ஸ், 1.2 வோல்ட்டிலிருந்து உங்கள் அளவுக்குப் போனால் கிடைக்கும் வேகம் 5 சதவீதம். கூடும் சூடு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இதற்காகவா இவ்வளவு பாடு? தவிர, சில்லு சூடாகச் சூடாக அதே வேகத்தில் தடுமாறாமல் நிற்பது அதற்குக் கடினமாகிறது. எல்லையைத் தொடும் முன்பே அணைவது அதனால்தான்.

ஒரு சோதனை செய்யுங்கள். மதியம், அறை வெப்பத்தைக் குறித்துக்கொண்டு, பதினைந்து நிமிடம் வேலையை ஓட்டிப் பாருங்கள். பிறகு கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பிராசசர் சூடு நன்றாக இறங்கினால் கேபினெட்டுக்குள் காற்று வரவில்லை என்று பொருள். இறங்காவிட்டால் ஹீட்சிங்க்கையோ, அதற்கும் பிராசசருக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசும் பேஸ்ட்டையோ பார்க்க வேண்டும்.

திருவான்மியூர்:
பார்த்துவிட்டேன், அண்ணா. அறை 37. தகடு மூடியிருந்தபோது 94, கழற்றியதும் 86. கேபினெட் இருப்பது மேசையின் பிளைவுட் அறைக்குள், பின்புறம் சுவர். முன்பக்கத்துக்கு அம்மா ஒரு தூசி உறை தைத்துப் போட்டிருந்தார்கள். ஃபேனுக்குக் கீழே டார்ச் அடித்தேன். ஹீட்சிங்க் தகடுகளின் மேல் சாம்பல் நிறத்தில், ஈரப்பிசுக்கோடு, கம்பளித் துணி போல ஒரு படலம். நகத்தால் கீறினால் முழுசாக உரிந்து வருகிறது.

நங்கநல்லூர்:
கடற்காற்று வீசும் வீடுகளில் தூசி அப்படித்தான் அப்பிக்கொள்ளும். உறையை எடுத்துவிடுங்கள், கேபினெட்டை மேசைக்கு வெளியே வையுங்கள். ஹீட்சிங்க்கைக் கழற்றும்போது மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். திருகுகளை எடுத்தவுடன் நேராக மேலே தூக்கிவிடாதீர்கள். பேஸ்ட் இறுகியிருந்தால் பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு கூடவே வரும். அடியில் 1331 ஊசிக்கால்கள். ஒன்று வளைந்தாலும் தலைவலிதான். என்னுடையது ஒருமுறை அப்படி வந்து, பழைய ஏடிஎம் அட்டையின் ஓரத்தால் வரிசை வரிசையாக நிமிர்த்தினேன். கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கியபின் இடமும் வலமுமாக மெல்லத் திருகினால் பிடி விடும். பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, பட்டாணி அளவு புதியதை வையுங்கள். நான்கு திருகுகளையும் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.

பிறகு பயாஸில் 4.0 கிகாஹெர்ட்ஸ், 1.2 வோல்ட் வையுங்கள். ஒவ்வொரு சில்லும் ஒவ்வொரு விதம், தடுமாறினால் 1.225 கொடுத்துப் பாருங்கள்.

பெரம்பூர்:
அப்படியானால் தண்ணீர்க் குளிர்விப்பானால் பயனே இல்லையா, அண்ணா?

நங்கநல்லூர்:
பயன் உண்டு. ஹீட்சிங்க் சிறியதென்றால் பெரியது நிச்சயம் உதவும். ஆனால் அடைத்த பிளைவுட் அறைக்குள் வைத்தால் அதுவும் அதே வெந்த காற்றைத்தான் சுற்றிச் சுற்றி இழுக்கும்.

திருவான்மியூர்:
நேற்று இரவே எல்லாவற்றையும் செய்து முடித்தேன். பிராசசர் சாக்கெட்டிலேயே பத்திரமாக இருந்தது. 1.2இல் ஒருமுறை நின்றுபோனது, 1.225இல் ஓடுகிறது. இன்று மதியம் மூன்று மணி, அறை 37, தகடு மூடியே இருந்தது: பிராசசர் 78. முன்பு இரவில் 41 நிமிடம் எடுத்த வீடியோ இப்போது 43 நிமிடம். முதல் வீடியோவை ஒப்படைத்துவிட்டேன், இரண்டாவது ஓடிக்கொண்டிருக்கிறது. மிக்க நன்றி, அண்ணா.

நங்கநல்லூர்:
மகிழ்ச்சி, தம்பி. மாதம் ஒருமுறை தூசியை ஊதிவிடுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கை சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.