கல்பாக்கத்தில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சியாளர்) ஆகச் சேரப் போகிறேன், முதல் நாள் கேட்டில் என்ன கேட்பார்கள்?

கேள்வி: திங்கட்கிழமை இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் சேர வேண்டும். ஆஃபர் லெட்டரும் ஆதாரும் இருந்தால் போதுமா? லேப்டாப் கொண்டுவரலாமா?

சீனியர்: வாழ்த்துகள்! கேட்டில் நிற்பது சிஐஎஸ்எஃப் (மத்திய தொழிற்பாதுகாப்புப் படை). பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஆஃபர் லெட்டரை நீட்டினாலும் அசைய மாட்டார்கள், அதனால் பாஸுக்கு எழுதியாகிவிட்டதா என்று உங்கள் கைடிடம் வெள்ளிக்கிழமையே கேட்டுவிடுங்கள். லேப்டாப், பென் டிரைவ், ஸ்மார்ட் வாட்ச் எல்லாம் அறையிலேயே இருக்கட்டும், முன் அனுமதி இல்லாமல் எடுத்துப்போய் வம்பு வேண்டாம்.

இன்னொருவர்: பெயரைப் பாருங்கள் முதலில். வேறொரு லேபில் நான் சேர்ந்தபோது ஆதாரில் இனிஷியல் பின்னால், டிகிரியில் முன்னால், மார்க்‌ஷீட்டில் அப்பா பெயர் முழுசாக. மூன்றும் ஒரே ஆள்தான் என்று புரியவைக்க முக்கால் மணி நேரம் ஆனது!

சீனியர்: ஆமாம், அதுவும் உண்டு. அப்புறம், கதிர்வீச்சுப் பகுதியில் வேலை என்றால் டிஎல்டி பேட்ஜ் (கதிர்வீச்சை அளக்கும் சின்ன அட்டை) தருவார்கள், மார்புப் பக்கம் குத்திக்கொள்ள வேண்டும். உடல் வாங்கிய கதிர்வீச்சு டோஸை அதை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். ஊழியர்களுக்கான வரம்பு ஐந்தாண்டில் 100 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சு டோஸின் அலகு), எந்த ஒரு ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. ஐடி கார்டு மாதிரி கழுத்தில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள், கிளம்பும்போது ரேக்கில் வைத்துவிட வேண்டும்.

கேட்டவர்: நன்றி அண்ணா. என் ஆதாரிலும் அதே இனிஷியல் கதைதான், இன்றே இ-சேவை மையத்துக்கு ஓடுகிறேன்.