கல்லறை ஒரு பக்கம், நினைவுச்சின்னம் இன்னொரு பக்கம்: வர்ஜீனியா பல்கலைக்கழகம் செய்தது சரியா?

கரிசல்காடு:
அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துச் சார்லட்ஸ்வில் ஊருக்குப் போயிருந்தேன். வர்ஜீனியா பல்கலைக்கழகக் கல்லறைத் தோட்டத்தை விரிவாக்குவதற்காக 2012-ல் மேல்மண்ணை எடுத்துப் பார்த்தபோது, சுவருக்கு வெளியே 67 குழிகளின் தடம் தெரிந்ததாம். அடிமைகளாக இருந்தவர்களின் குழிகள் என்கிறார்கள். ஒன்றிலும் பெயர் கிடையாது. பக்கத்திலேயே அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காகச் சண்டை போட்ட தென்மாநிலப் படையினரின் கல்லறை. அங்கே 1893-ல் வைத்த வெண்கலச் சிப்பாய் சிலை, 1,097 பேரின் பெயரோடு. அடிமைகளுக்கு 2020-ல் சின்னம் கட்டினார்கள், அதுவும் இந்த இடத்தில் இல்லை, வருகிறவர் போகிறவர் பார்க்க, பல்கலைக்கழகத்தின் குவிமாடக் கட்டடமான ரொட்டுண்டா பக்கம். சுத்தக் கண்துடைப்பு.

தேன்சிட்டு:
அண்ணே, கல்லறை ஓரத்தில் கட்டியிருந்தால் "மூலையில் ஒதுக்கிவிட்டார்கள்" என்று இதே இழையைத்தான் திறந்திருப்பீர்கள். ரொட்டுண்டாவுக்குச் செங்கல் சுட்டுச் சுமந்தவர்களில் அவர்களும் உண்டே, அதன் எதிரே வைக்காமல் வேறெங்கே? சின்னத்தின் உள்சுவரைக் கிட்டப் போய்ப் பார்த்தீர்களா? சுமார் 4,000 பேர், ஆளுக்கு ஒரு வெட்டுக்கோடு. முழுதாகவோ பாதியாகவோ பெயர் தெரிந்தவர்கள் 578 பேர்தான். இன்னும் 311 பேருக்கு செய்த வேலையோ, யாருக்கு என்ன உறவு என்பதோ மட்டும். மிச்சமெல்லாம் வெறும் கோடு.

சேகர்_திருச்சி:
இருநூறு வருஷத்துக் கதையை எதற்குக் கிளறணும்? பல்கலைக்கழகத்தை நிறுவிய ஜெஃபர்சன் அந்தக் காலத்து மனுஷர். இன்றைய தராசில் நிறுத்தால் யார்தான் தேறுவார்கள்?

தேன்சிட்டு:
அந்தக் காலத்துத் தராசையே எடுங்க சார். அடிமை முறை தப்பு என்று எழுதிவைத்தவரே அவர்தான். எழுதிய கையோடு வாழ்நாளில் அறுநூறுக்கு மேற்பட்டவர்களை உடைமையாக வைத்திருந்தார். 1826-ல் அவர் இறந்ததும் கடனை அடைக்க அவருடைய பண்ணையான மான்டிசெல்லோவில் அவர்களைத்தான் ஏலம் போட்டார்கள்.

கரிசல்காடு:
அதில் எனக்கு மறுப்பே இல்லை, சேகர் சாருக்குச் சொன்னதாக இருக்கட்டும். என் கேள்வி வேறு. வெளிச்சுவரில் இசபெல்லா கிப்பன்ஸின் கண்களைச் செதுக்கியிருக்கிறார்கள். இங்கே பேராசிரியர் வீட்டில் அடிமையாக இருந்து, விடுதலைக்குப் பிறகு ஆசிரியையானவர். நேரே பார்த்தால் வெறும் கல். வெயில் சாய்வாக விழுந்தால்தான் கண் தெரியும். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அழகுக்கு ஆன செலவில் ஒரு பங்கு வாரிசுகளின் படிப்புக்குப் போயிருக்க வேண்டாமா?

நெல்லை_வக்கீல்:
அதற்குத்தான் வர்ஜீனியா சட்டமன்றம் 2021-ல் சட்டம் போட்டது. இது உட்பட ஐந்து பழைய கல்லூரிகள் கல்வி உதவியோ சமூகத் திட்டமோ தரணும். அடிமைகளின் நினைவைப் பதிவு செய்யவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆக, கல்லா படிப்பா என்ற கேள்வியே அங்கே இல்லை.

கரிசல்காடு:
சட்டம் போட்டே வரவைக்க வேண்டியிருந்தது, பார்த்தீங்களா!

தேன்சிட்டு:
சரி, கல்லறைக்கே வருவோம். கறுப்பர்களின் பிணங்களைக் குழியிலிருந்து திருடி இந்தப் பல்கலைக்கழக உடற்கூறு வகுப்பில் அறுத்திருக்கிறார்கள். செத்த பிறகும் குழி நிலைக்காதவர்களுக்கு அந்த 67 குழி ஓரத்தில் மட்டும் கல் நட்டால் எப்படிப் போதும்?

கரிசல்காடு:
போதாதுதான். அதற்காக அந்த 67-க்கு ஆளுக்கொரு கல் வைக்கக் கூடாதா? பெயர் இல்லாத கல்லாகவே இருக்கட்டும்.